சிவப்பு எரிமலையும் சாம்பல் எரிமலையும்

எரிமலையில் பயப்பட வேண்டியது எதற்கு? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மலை உச்சியிலிருந்து செக்கச்செவேல் என்று வழிந்து வருகிற நெருப்புக் குழம்பு. சினிமாக்காரர்களும் அதைத்தான் காட்டுகிறார்கள். கதாநாயகன் ஓட, பின்னாலேயே லாவா துரத்தும்.

இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் கொஞ்சம் ஆட்டம் காணும்.

முதல் கணக்கு. 2018 மே மாதம், ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை. உச்சியில் அல்ல, மலையடிவாரத்துக் குடியிருப்புப் பகுதியில், தெருவுக்கு நடுவிலேயே பூமி பிளந்து லாவா பீறிட்டது. மூன்று மாதம் ஓயவில்லை. 700க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் லாவாவுக்குள் போயின. சாலைகள் போயின, ஒரு ஏரியே ஆவியாகிப் போனது. இறந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

இரண்டாவது கணக்கு. 1902 மே 8, கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவு. பெலே என்ற மலையின் அடிவாரத்தில் செயின்ட் பியர் என்று ஓர் அழகான துறைமுக நகரம். அன்று ஊருக்குள் லாவா ஒரு சொட்டுகூட வரவில்லை. காலை எட்டு மணி சுமாருக்கு மலையிலிருந்து கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பி, மேலே போகாமல் தரையோடு தரையாக இறங்கி வந்தது. சில நிமிடங்கள்தான். சுமார் 28,000 பேர் இறந்துபோனார்கள். ஊருக்குள் உயிர் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர், தடித்த கல் சுவர் கொண்ட சிறை அறையில் அடைபட்டிருந்த கைதி!

இரண்டுமே எரிமலைதான். இரண்டிலும் பூமிக்குள்ளிருந்து வந்தது உருகிய பாறைதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இதற்கான விடையில் பெரும் பகுதி ஒரே ஒரு பொருளில் இருக்கிறது. அதன் பெயர் சிலிக்கா. கடற்கரை மணலிலும் ஜன்னல் கண்ணாடியிலும் இருக்கிற அதே சிலிக்காதான்.

ரசமும் கூழும்

அடுப்பில் ரசம் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியிலிருந்து குமிழி கிளம்புகிறது, மேலே வந்ததும் உடைகிறது, ஆவி போய்விடுகிறது. மிஞ்சி மிஞ்சிப் போனால் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

பக்கத்து அடுப்பில் கேழ்வரகுக் கூழ். தீ என்னவோ அதே தீதான். ஆனால் அதைக் கிண்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். திடீரென்று "பொளக்" என்று ஒரு கொப்புளம் வெடித்து, கையில் தெறித்துத் தோலைப் பொத்துவிடும். கூழுக்குள் உண்டான ஆவியால் சுலபமாக மேலே வர முடியவில்லை. கெட்டியான கூழ் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அழுத்தம் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஆவி வெளியே வரும்போது கூழையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறது.

கிலாவேயா ரசம். பெலே கூழ். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான் விஷயம்.

இனி கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பூமிக்கு அடியில் இருக்கும்வரை உருகிய பாறைக்கு மாக்மா என்று பெயர், வெளியே வந்துவிட்டால் லாவா. மாக்மாவில் சிலிக்கா எவ்வளவு என்பதை வைத்து அதை ரகம் பிரிக்கிறார்கள். 100 கிலோ மாக்மாவில் சிலிக்கா 50 கிலோ அளவில் இருந்தால் அது பசால்ட். 60 கிலோ அளவில் இருந்தால் ஆண்டசைட். 63 முதல் 68 கிலோ வரை டேசைட். 70 கிலோவைத் தாண்டினால் ரயோலைட்.

50க்கும் 70க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். இருக்கிறது. சிலிக்காவின் அடிப்படை அமைப்பு, நடுவில் ஒரு சிலிக்கான் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். இந்தக் குழுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு சங்கிலியாகவும் வலையாகவும் நீளும். சிலிக்கா கூடக் கூட வலை அடர்த்தியாகிறது, மாக்மா நகர முடியாமல் சிக்கிக்கொள்கிறது. இரும்பு, மக்னீசியம், கால்சியம் போன்றவை இந்தக் கைகோப்பை அறுத்து விடுகிறவை. பசால்ட்டில் இவை அதிகம். அதனால் பசால்ட் ஓடும். ரயோலைட் அசைவதற்கே யோசிக்கும்.

போதாக்குறைக்கு வெப்பமும் இந்தப் பக்கமே சேர்ந்துகொள்கிறது. பசால்ட் வெளியே வருவது சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில். ரயோலைட் 700 முதல் 850 டிகிரி வரைதான். சூடு குறைந்தால் பாகு இறுகும் என்பது இனிப்பு செய்கிற எல்லோருக்கும் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து, ரயோலைட் மாக்மா பசால்ட்டை விடப் பல லட்சம் மடங்கு கெட்டியாக இருக்க முடியும். (அந்தப் பசால்ட்டே தண்ணீரை விடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கெட்டி!)

இதில் ஒரு வேடிக்கை. சூடு அதிகமான மாக்மாதான் சாது. சூடு குறைந்ததுதான் சண்டியர்.

கோலி சோடா

கெட்டியாக இருந்தால் மட்டும் வெடித்துவிடுமா? களிமண்கூடக் கெட்டிதான். வெடிப்பதற்கு உள்ளே வாயு வேண்டும்.

கோலி சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது உள்ளே குமிழியே தெரியாது. வாயு முழுக்க அழுத்தத்தில் தண்ணீரோடு கரைந்து கிடக்கிறது. கோலியை உள்ளே தள்ளிய மறுவினாடி அழுத்தம் போய்விடும், கரைந்திருந்த வாயு குமிழியாகி "புஸ்" என்று பொங்கும். மாக்மாவிலும் இப்படித்தான். பல கிலோமீட்டர் ஆழத்தில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயுக்கள் எல்லாம் பாறைக்குழம்போடு கரைந்தே இருக்கும். மாக்மா மேலே ஏற ஏற, மேலிருக்கும் பாறையின் பாரம் குறைகிறது. குமிழிகள் பிறக்கின்றன. கரைந்திருந்த நீர் நீராவியாக விரியும்போது அதன் கன அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும்.

ஹவாய் பசால்ட்டில் நீரின் எடை பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. பசிபிக் கடலைச் சுற்றியுள்ள எரிமலைகளின் டேசைட்டில் அது 4 முதல் 6 சதவீதம் வரை போகும். ஆக, எந்த மாக்மாவில் வாயுவுக்கு வெளியேற வழி குறைவோ, பெரும்பாலும் அதில்தான் வாயுவும் அதிகம். அதோடு இன்னொரு சிக்கல். கரைந்திருக்கும் நீர், சிலிக்கா சங்கிலிகளை அறுத்து மாக்மாவைக் கொஞ்சம் இளக்கி வைக்கும். அந்த நீர் குமிழியாகப் பிரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் மாக்மா இன்னும் கெட்டியாகிவிடுகிறது. கதவை மூடிக்கொண்டே வெளியே போக முயற்சி செய்வது போல!

கடைசியில் குமிழிகளின் அழுத்தம் தாங்காமல் மாக்மாவே நொறுங்கித் தூளாகிறது. அந்தத் தூளுக்குத்தான் எரிமலைச் சாம்பல் என்று பெயர். பெயர்தான் சாம்பல். எரிந்து வந்தது கிடையாது, பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். இந்தச் சூடான பொடியும் வாயுவும் சேர்ந்து மலைச்சரிவில் வெள்ளமாக இறங்கினால் அதுதான் பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ. 200 முதல் 700 டிகிரி வரை வெப்பம், பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் வேகம். செயின்ட் பியரை முடித்தது இதுதான். லாவாவைப் பார்த்து ஓடலாம், பெரும்பாலும் நடந்தே தப்பிக்கலாம். இதைப் பார்த்த பிறகு ஓட நேரம் இருக்காது.

ஒரே மாக்மா எப்படி இத்தனை ரகம் ஆனது?

பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் பாறை உருகும்போது முதலில் கிடைப்பது பெரும்பாலும் பசால்ட்தான். பிறகு அது எவ்வளவு காலம், எங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். தங்குகிற இடத்தில் மெல்லக் குளிரும்போது இரும்பும் மக்னீசியமும் நிறைந்த படிகங்கள் முதலில் பிரிந்து அடியில் படிகின்றன. அவற்றைக் கழித்தது போக மீதி இருப்பதில் சிலிக்காவின் பங்கு கூடிவிடுகிறது. உப்பளத்தில் உப்பு படியப் படிய மிச்சமிருக்கும் நீரின் சேர்மானம் மாறிக்கொண்டே போவது மாதிரி. வழியில் இருக்கும் மேலோட்டுப் பாறையையும் உருக்கிச் சேர்த்துக்கொண்டால் சிலிக்கா இன்னும் ஏறும்.

ஹவாய் நடுக்கடலில், மெல்லிய கடல்தட்டின் மேல் இருக்கிறது. அங்கே பசால்ட் அதிகம் மாறாமல் மேலே வந்துவிடுகிறது. ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, அமெரிக்காவின் மேற்குக் கரை எல்லாம் வேறு கதை. அங்கே கடல்தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழ்கிறது. கூடவே கடல் நீரையும் தாதுக்களுக்குள் சுமந்துகொண்டு போகிறது. கெட்டியும் நீரும் ஒரே இடத்தில் சேர்வது இப்படித்தான்.

ஒரு கணவன், மனைவி

இந்த இரண்டு வகையையும் மிகச் சுலபமான பெயரில் பிரித்துச் சொன்னவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த மொரீஸ் கிராஃப்ட், காத்யா கிராஃப்ட் தம்பதி. ஒன்று சிவப்பு எரிமலை, இன்னொன்று சாம்பல் எரிமலை. உலகத்தில் எங்கே எரிமலை வெடித்தாலும் கேமராவோடு போய் நிற்பதே இவர்கள் வேலை. (2022இல் வந்த "ஃபயர் ஆஃப் லவ்" ஆவணப்படம் இவர்கள் எடுத்த காட்சிகளைக் கொண்டே செய்தது.) சிவப்பு எரிமலையின் லாவா ஆற்றுக்குப் பக்கத்திலேயே நின்று படம் எடுப்பார்கள். அந்த ஆற்றில் படகு ஓட்ட வேண்டும் என்பதுகூட மொரீஸின் கனவு!

ஆனால் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் மற்ற வகைதான் என்பது அவர்களுக்குத் தெரியும். 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலென்ஸ் அதைக் காட்டியது. டேசைட் மாக்மா மலைக்குள் ஏறி வந்தது, வெளியே வர முடியவில்லை. அதனால் மலையின் வடக்குப் பக்கத்தையே நாளுக்கு சுமார் 2 மீட்டர் வீதம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காலை 8.32க்கு ஒரு நிலநடுக்கம். அந்தப் பக்கம் மொத்தமும் சரிந்து விழுந்தது. சோடா பாட்டிலின் மூடி ஒரேயடியாகத் திறந்துகொண்டது. பக்கவாட்டில் பாய்ந்த வெடிப்பு சுமார் 600 சதுர கி.மீ. காட்டைத் தரைமட்டமாக்கியது. 57 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர், சுமார் 10 கி.மீ. தள்ளி மலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற 30 வயது விஞ்ஞானி. அதற்கு முந்தைய இரண்டு வாரம் அந்த இடத்தில் இருந்தவர் ஹாரி கிளிக்கன் என்ற மாணவர். அவர் கிளம்பிப் போனது முதல் நாள் மாலைதான்.

1985 நவம்பரில் இன்னொரு அடி. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ். வெடிப்பு சின்னதுதான். ஆனால் உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலோடும் மண்ணோடும் சேறாகி இறங்கி, அர்மேரோ என்ற ஊரையே இரவோடு இரவாகப் புதைத்தது. அந்த ஊரையும் சுற்றியுள்ள இடங்களையும் சேர்த்து சுமார் 23,000 பேர் இறந்தார்கள். இதில் மனதைப் பிசைவது என்னவென்றால், எந்த இடத்துக்கு ஆபத்து என்று காட்டும் வரைபடம் வெடிப்பதற்கு முன்பே தயாராகி இருந்தது. அர்மேரோவும் அதில் இருந்தது. ஊர் காலி செய்யப்படவில்லை.

விஞ்ஞானிகள் சொன்னது மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் புரியும்படி போய்ச் சேரவில்லை என்று கிராஃப்ட் தம்பதி நினைத்தார்கள். எரிமலையின் ஆபத்துகள் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு வீடியோ தயாரிக்க இறங்கினார்கள்.

1991 ஜூன்

1991இல் ஜப்பானின் உன்சென் மலையில் டேசைட் வெளியே வந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டேசைட் என்றாலே உடனே வெடித்துவிடும் என்று கிடையாது. மெதுவாக ஏறினால், வழியிலேயே வாயு கசிந்துவிட்டால், பற்பசை மாதிரி பிதுங்கி உச்சியில் ஒரு குவியலாகச் சேரும். உன்சென்னில் நடந்தது அதுதான். ஆனால் அந்தக் குவியலின் துண்டுகள் உடைந்து சரியும்போதெல்லாம் பைரோகிளாஸ்டிக் வெள்ளம் கிளம்பியது. ஜூன் 3 அன்று வழக்கத்தை விடப் பெரிதாக ஒன்று வந்தது. செய்தியாளர்கள், தீயணைப்புத் தொண்டர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள் என்று 43 பேர் இறந்தார்கள். அவர்களில் மொரீஸ், காத்யா இருவரும் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் வித்தியாசத்தில் தப்பித்த ஹாரி கிளிக்கனும் உண்டு.

அதே நேரத்தில் பிலிப்பைன்ஸில் பினாடுபோ மலை புகைந்துகொண்டிருந்தது. சுமார் 500 வருடம் தூங்கிய மலை. அது எரிமலை என்பதே அங்கிருந்த பெரும்பாலோருக்குத் தெரியாது. சுற்றியிருந்த பள்ளத்தாக்குகளில் பழைய படிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள் பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள். எல்லாம் பைரோகிளாஸ்டிக் படிவு. டேசைட். ஆக இந்த மலை எழுந்தால் எப்படி எழும் என்பது தெரிந்துபோனது.

இன்னொரு தடயமும் கிடைத்தது. மலையிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடு மே 13 அன்று நாளுக்கு சுமார் 500 டன், மே 28 அன்று 5,000 டன்னுக்கு மேல். பிறகு ஜூன் தொடக்கத்தில் சரசரவென்று குறைந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி. மலை அடங்குகிறது என்று வீட்டுக்குத் திரும்பிவிடத் தோன்றும். விஞ்ஞானிகள் வேறு மாதிரி படித்தார்கள். வாயு தீரவில்லை, வழி அடைபட்டிருக்கிறது!

ஜூன் 7 வாக்கில் உச்சியில் பிதுங்கிய புது லாவா ஆண்டசைட்டாக இருந்தது. ஆழத்திலிருந்து சூடான பசால்ட் ஏறி வந்து, மேலே தேங்கிக் கிடந்த டேசைட்டோடு கலந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தூங்கிக் கிடந்த கூழுக்கு அடியில் யாரோ புதிதாக நெருப்பு வைத்துவிட்டார்கள்.

ஆனால் மக்களை நம்ப வைப்பது எப்படி? 500 வருடமாகச் சும்மா இருந்த மலைக்காக வீட்டையும் வயலையும் விட்டுவிட்டுப் போங்கள் என்றால் யார் கேட்பார்கள்? சிலிக்கா சதவீதமும் டேசைட்டும் ஊர்க்காரர்களுக்கு என்ன புரியும்? அங்கேதான் கிராஃப்ட் தம்பதியின் வீடியோ வந்தது. அதிகாரிகளுக்கும் ஊர் மக்களுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்கள். மலைச்சரிவில் அந்தச் சாம்பல் வெள்ளம் எப்படி இறங்கும் என்பதைப் பார்த்த பிறகு விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

பல பத்தாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். மலைக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளமான கிளார்க்கில் இருந்தவர்கள் ஜூன் 10 அன்று கிளம்பினார்கள். ஜூன் 15 அன்று, உன்சென் சம்பவம் நடந்து சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, பினாடுபோ வெடித்தது. சாம்பல் சுமார் 35 கி.மீ. உயரத்துக்குப் போனது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அன்றைக்கென்று பார்த்துப் புயல் வேறு. மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த முன்னெச்சரிக்கை இல்லாமல் இருந்திருந்தால் குறைந்தபட்சம் இன்னும் 5,000 பேராவது இறந்திருப்பார்கள் என்று பிறகு மதிப்பிட்டார்கள்.

விதிவிலக்குகள்

சிவப்பு என்றால் பயமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. காங்கோவின் நைராகோங்கோவில் சிலிக்கா 40 சதவீத அளவுதான். லாவா ரொம்பவும் நீர்த்தது. 1977இல் மலைப்பக்கம் பிளந்தபோது மணிக்கு 60 கி.மீ. வரை வேகத்தில் ஓடியது. அங்கே நடந்து தப்பிக்க முடியாது. 2002இல் அதே மலையின் லாவா கோமா நகரத்துக்குள் புகுந்தது, சுமார் 4 லட்சம் பேர் ஊரை விட்டு ஓடினார்கள். ஐஸ்லாந்தில் 1783இல் லாக்கி பிளவுகளிலிருந்து வந்தது சாதுவான பசால்ட்தான். ஆனால் கூடவே வந்த கந்தக, ஃப்ளூரின் வாயுக்கள் புல்லை விஷமாக்கின. கால்நடைகள் செத்தன, பஞ்சம் வந்தது, அந்த நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தார்கள்.

ஆகவே சேர்மானம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. மாக்மா எவ்வளவு வேகமாக ஏறுகிறது, வழியில் வாயு கசிகிறதா, உச்சியில் பனியோ நீரோ இருக்கிறதா, அடிவாரத்தில் ஊர் எங்கே இருக்கிறது, எல்லாமே கணக்கில் வரும். ஆனால் கணக்கின் முதல் வரி சேர்மானம்தான். அதனால்தான் இன்றைக்கும் ஒரு எரிமலை விழித்துக்கொண்டால், அது துப்பிய சாம்பலையும் கல்லையும் பொறுக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுகிறார்கள். 2018இல் கிலாவேயாவிலும் அதையே செய்தார்கள். முதல் சில நாட்களில் வந்தது பல வருடமாக அடியில் தேங்கிக் கிடந்த பழைய மாக்மா. கெட்டியாக, மெதுவாக நகர்ந்தது. மாதிரிகளின் சேர்மானம் மாறத் தொடங்கியபோது, பின்னால் புதிய, சூடான பசால்ட் வந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. வந்ததும் லாவா வேகம் பிடித்தது.

டிவியில் அடுத்த முறை எரிமலைச் செய்தி வந்தால், நெருப்பு ஆறு ஓடினால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். நெருப்பே தெரியாமல், பல நூறு வருடமாகத் தூங்கின மலை லேசாகப் புகைகிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் "இதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று சிரிக்கிறார்கள் என்றால், அங்கேதான் யாராவது ஒருவர் அந்த வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும்.